வராத பொருளும் வர வேண்டிய பணமும்



கடல் கடந்து ஒரு பொருளை வரவழைப்பது முன்னாளில் பெருவணிகர்களுக்கே உரிய செயலாக இருந்தது. இன்று அது கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவனுக்கும் கைவந்த காரியமாகிவிட்டது. கைப்பேசியில் படத்தைப் பார்க்கிறான், விலையைப் பார்க்கிறான், வங்கி அட்டையின் எண்ணைப் பதிகிறான். பணம் அந்தக் கணமே கடல் கடந்து போய்விடுகிறது. பொருள் மட்டும் தன் வழியில் ஆற அமரப் புறப்படுகிறது. சில வேளைகளில் அது புறப்படுவதே இல்லை. அவ்வாறு பொருள் வராது போனால் கொடுத்த பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பலர் விற்றவனையே துரத்திக் கொண்டிருந்து காலத்தை இழக்கிறார்கள். பணம் எந்த வழியாகப் போயிற்றோ அந்த வழியாகத்தான் அது பெரும்பாலும் திரும்பி வரும். அந்த வழியில் யார் யார் நிற்கிறார்கள், அது எத்தனை நாள் திறந்திருக்கும் என்பவற்றை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

சைதாப்பேட்டையில் வசிக்கும் எனக்கு, இதை எண்ணும்போதெல்லாம் எங்கள் அடையாற்றுப் பாலம் நினைவுக்கு வருகிறது. இன்று மறைமலையடிகள் பெயரால் வழங்கும் பாலம் இருக்கும் இடத்தில், 1726-ஆம் ஆண்டிலே தம் சொந்தச் செலவில் ஒரு பாலத்தைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்று அது பெயர் பெற்றது. அவர் மணிலாவோடு நடத்திய கடல் வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். அக்காலக் கடல் வணிகர்களிடையே ஒரு வகைக் கடன் வழக்கில் இருந்தது. கப்பலில் ஏற்றும் சரக்கின்மேல் பணம் கொடுப்பார்கள். சரக்கு நலமாகக் கரை சேர்ந்தால்தான் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கப்பல் மூழ்கினால் கடனும் உடன் மூழ்கிவிடும். அதற்கு வட்டி மிக அதிகம் என்பது உண்மையே. ஆனால் சரக்கு வராவிட்டால் நஷ்டம் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு அங்கே முன்கூட்டியே விடை எழுதப்பட்டிருந்தது.

நம் அஞ்சல் துறை 1877-இல் வி.பி.பி. என்னும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. பஞ்சாங்கம் முதல் கைக்கடிகாரம் வரையில் பல பொருள்களை நம் முன்னோர் அந்த முறையில்தான் வரவழைத்தார்கள். பார்சலைக் கையில் வாங்கும் போதுதான் தபால்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுப்பது வழக்கம். பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கல் இருந்தது என்ற கதைகளும் உண்டு. அது வேறு விவகாரம். பொருளே வராமல் பணம் மட்டும் போய்விட்டது என்ற நிலை அங்கே எழவில்லை. அயல்நாட்டு இணையக் கடையிலோ முறை தலைகீழாக இருக்கிறது. பணம் முதலில், பொருள் பிறகு. இடையில் ஒரு கடலும் இரண்டு நாட்டுச் சுங்கமும்.

இனி, நானே பங்கு கொண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். எங்கள் அடுத்த வீட்டுப் பெண் கல்லூரியில் விலங்கியல் படிப்பவள். மாலை வேளைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், தன்னிடமுள்ள பழைய நுண்ணோக்கிக்கு ஒரு பொருளருகு லென்சு வாங்க நினைத்தாள். பொருத்தமான லென்சு அயல்நாட்டு இணையக் கடை ஒன்றில்தான் கிடைத்தது. விலை 60 டாலர். அவளிடம் கடன் அட்டை இல்லை. ஆதலால் அவள் கேட்டுக் கொண்டபடி என் அட்டையின் மூலம் நானே பணம் செலுத்தினேன். கட்டணங்கள் உட்பட 5,342 ரூபாய் ஆயிற்று. இருபத்தொரு நாளில் பொருள் வந்து சேரும் என்று கடைக்காரர் எழுத்தில் உறுதி கூறியிருந்தார். ஐந்தாம் நாள் ஓர் அஞ்சல் எண் வந்தது. இருபத்தொன்று முப்பதாயிற்று, முப்பது நாற்பதாயிற்று. நாற்பத்தைந்தாம் நாள் அந்தப் பெண் கைப்பேசியோடு ஓடிவந்தாள்.

“சார், பட்டுவாடா ஆகிவிட்டது என்று போட்டிருக்கிறதே! யாரிடம் கொடுத்தார்கள்?” என்றாள். அவள் வீட்டுக்கும் ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்கும் ஒன்றும் வரவில்லை.

இந்த அஞ்சல் எண்ணைப் பற்றி மாணவர்கள் ஒரு செய்தி தெரிந்து கொள்வது நல்லது. உலக அஞ்சல் ஒன்றியம் 1874-இல் பெர்ன் நகரில் தோன்றியது. இந்தியா 1876-இல் அதில் சேர்ந்தது. நாடுகளுக்கிடையே செல்லும் பதிவு உருப்படிகளுக்கும் பார்சல்களுக்கும் அந்த ஒன்றியம் ஒரே அமைப்புள்ள எண்ணை வகுத்திருக்கிறது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், ஆகப் பதின்மூன்று குறிகள். ஒன்பதாவது இலக்கம் சும்மா போட்டதன்று. அது முன்னுள்ள எட்டையும் காவல் காக்கும் இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, வரும் மீதியை 11-இலிருந்து கழியுங்கள். கிடைப்பதே ஒன்பதாம் இலக்கம். விடை 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 12345678 என்ற எட்டு இலக்கங்களுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே காவல் இலக்கம் 5. கற்பனையாக எழுதிக் கொடுத்த எண் பெரும்பாலும் இந்தக் கணக்கில் அகப்பட்டுக் கொள்ளும். தனியார் கூரியர்களின் எண்களுக்கு இந்த விதி பொருந்தாது.

அந்தப் பெண்ணே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எண் சரியாகவே இருந்தது! அதாவது அது மெய்யாகவே அஞ்சலில் சென்ற ஏதோ ஓர் உருப்படியின் எண். இந்தத் தந்திரம் இப்போது பல இடங்களில் நடப்பதுதான். அதே நகரத்தில் வேறொருவருக்குச் சென்ற உருப்படியின் எண்ணைக் கொடுத்துவிட்டால், ‘சென்னை, பட்டுவாடா ஆயிற்று’ என்று திரையில் தெரியும். வாங்கியவர் வாயடைத்துப் போவார். நாங்கள் வாயடைத்துப் போகவில்லை. பட்டுவாடா எந்தப் பின்கோடில் நடந்தது என்று கேட்டு அஞ்சலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தோம். 1972-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று தொடங்கிய இந்த ஆறிலக்க எண், இப்படிப்பட்ட வேளையில் நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது. எங்கள் சைதாப்பேட்டைக்கு 600015. அந்த உருப்படி நகரின் வேறொரு பகுதிக்குச் சென்றது என்ற பதில் எழுத்தில் கிடைத்தது. அந்த ஒரு தாள்தான் பின்னர் எங்கள் வழக்கைத் தாங்கி நின்றது.

இதற்கிடையில் கடைக்காரரோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. மிக்க மரியாதையான கடிதங்கள்! முதலில் ‘இன்னும் பத்து நாள் பொறுத்திருங்கள்’ என்றார். பிறகு, ‘நூற்றுக்குப் பதினைந்து திருப்பித் தருகிறோம், லென்சு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். மறுத்ததும் முப்பது என்றார். ஏலக் கடையில் விலை ஏறுவது போல இருந்தது. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு நாங்கள் இணங்கியிருந்தால் வழக்கு அத்துடன் தீர்ந்ததாகக் கருதப்படும். ‘பொறுத்திருங்கள்’ என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு. பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி குறிப்பிட்ட நாள் வரையில்தான் திறந்திருக்கும். அந்த நாள் கழியும் வரை வாங்கியவரைத் தாலாட்டி உறங்க வைப்பதே அதன் நோக்கம். பேபால் போன்ற இடைநிறுவனத்தின் மூலம் பணம் செலுத்தியிருந்தால், செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறைப் பதிய வேண்டும். பதிந்த 20 நாளுக்குள் அதை மேல்முறையீடாக உயர்த்த வேண்டும். ‘முதலில் தகராறை மூடிவிடுங்கள், பிறகு பணம் அனுப்புகிறோம்’ என்று கடைக்காரர் எழுதினால் அதற்கு ஒருபோதும் இசையக் கூடாது. மூடியதை மறுபடி திறக்க வழியில்லை.

சரக்கை அஞ்சலில் சேர்த்ததோடு விற்றவனின் கடமை முடிந்துவிட்டதா என்றும் ஒரு கேள்வி எழலாம். நம் நாட்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இல் வந்தது. விற்றவன் பொருளை வாங்குபவருக்கு அனுப்பி வைக்கவேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால், எடுத்துச் செல்பவனிடம் ஒப்படைப்பதே வாங்குபவனிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளப்படும் என்று அதன் 39-ஆம் பிரிவு சொல்லுகிறது. கடைக்காரருக்கு இது இனிப்பான பிரிவு. ஆனால் ‘முதல் நோக்கில்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். வீட்டில் கொண்டு சேர்ப்பதாக உறுதி கூறி விற்றவன் அந்தப் பிரிவின் பின்னால் எளிதில் ஒளிய முடியாது. இதற்கு நேர் எதிராக, உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கை, உரியவரிடம் சேரும் வரையில் அஞ்சல் உருப்படி அனுப்பியவரின் உடைமையே என்கிறது. காணாமற் போனதைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க ஆறு மாதத் தவணையும் உண்டு. ஆதலால், ‘உங்கள் ஊர் அஞ்சலகத்தில் போய்க் கேளுங்கள்’ என்று கடைக்காரர் தட்டிக் கழித்தால், ‘உருப்படி உங்களுடையது, நீங்களே விசாரித்துப் பதில் சொல்லுங்கள்’ என்று நாம் எழுதலாம். நாங்கள் அப்படித்தான் எழுதினோம். பதில் வரவில்லை, ஆனால் எங்கள் கடிதத்தின் நகல் பிறகு பயன்பட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வங்கிக்குத் தொலைபேசியில் பேசியபோது எதிர்முனையில் இருந்த இளைஞர், ‘இது மோசடி என்று எழுதிக் கொடுங்கள், அட்டையை முடக்கிவிடுகிறோம்’ என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆனால் தவறான யோசனை. நம்முடைய இசைவு இல்லாமல் யாரோ நம் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்பது ஒரு வகைப் புகார். 2017 ஜூலை 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணை, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று கூறுவது அந்த வகையைப் பற்றியே. நாமே மனமொப்பிப் பணம் செலுத்தி, அதற்கு ஈடான பொருள் வராமற் போனது முற்றிலும் வேறு வகை. இதை அதுவாகச் சொன்னால், ‘இந்தப் பணம் உங்கள் இசைவோடுதான் சென்றது’ என்று வங்கி ஆதாரம் காட்டி நம் புகாரைத் தள்ளிவிடும். பொய் சொன்னவர் என்ற பெயரும் நமக்கு மிஞ்சும். நான் மறுமுறை தகராறுப் படிவம் கேட்டு வாங்கி, ‘பொருள் வந்து சேரவில்லை’ என்ற இனத்தைக் குறித்துக் கொடுத்தேன். இந்த முறைக்கு வங்கியாளர் வழக்கில் சார்ஜ்பேக் என்று பெயர்.

அதன் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். அட்டை வழியே செல்லும் பணத்தின் பாதையில் நால்வர் நிற்கிறார்கள்: நமக்கு அட்டை தந்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு நிறுவனம், கடைக்காரருக்குப் பணம் வாங்கித் தரும் வங்கி, கடைக்காரர். நம் வங்கி வலையமைப்பின் மூலம் கடைக்காரரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுக்கிறது. அப்போது பொருளைக் கொண்டு சேர்த்ததை மெய்ப்பிக்கும் சுமை கடைக்காரர் தலையில் விழுகிறது. வந்து சேரவில்லை என்பதை நாம் எப்படி மெய்ப்பிப்பது? இல்லாத ஒன்றுக்குச் சாட்சி ஏது? ஆகையால் சுமை அந்தப் பக்கம் மாறுவதே இந்த முறையின் உயிர்நிலை. பொதுவாக, பொருள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 120 நாள் வரையில் இதற்குத் தவணை உண்டு; பணம் செலுத்திய நாளிலிருந்து 540 நாளுக்கு மேல் எந்த நிலையிலும் செல்லாது. ஆனால் நாம் விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ நேரே விண்ணப்பிக்க முடியாது. வங்கி வழியாகவே போக வேண்டும். வங்கிக்கும் தாள்களைப் பார்க்க நாள் வேண்டுமல்லவா? எனவே கடைசி நாள் வரை காத்திருப்பது தகாது. சொன்ன நாள் கடந்து, கடைக்காரருக்கு ஒரு முறை எழுதி, அவர் தீர்க்காவிட்டால் அடுத்த வேலை இதுதான்.

நாங்கள் கொடுத்த தாள்கள் ஐந்து: வாங்கியதற்கான உறுதிச் சீட்டு, இருபத்தொரு நாள் என்று குறித்திருந்த பக்கத்தின் படம், கடைக்காரரோடு நடந்த கடிதங்கள், பணம் சென்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு, அஞ்சலகத்தின் பதில். பக்கத்தின் படத்தை வாங்கிய அன்றே அந்தப் பெண் எடுத்து வைத்திருந்தாள். இளம் வயதினருக்கு இயல்பாக அமைந்த பழக்கம் இது. பின்னர்க் கடைக்காரர் அந்தப் பக்கத்தில் ‘அறுபது நாள்’ என்று மாற்றி எழுதிவிட்டார்! எட்டு நாளில் வங்கி தொகையைத் தற்காலிகமாக என் கணக்கில் வரவு வைத்தது. ‘தற்காலிகமாக’ என்பதை நான் அவளிடம் இரண்டு முறை சொன்னேன். எதிர்பார்த்தபடியே கடைக்காரர் அந்த அஞ்சல் எண்ணைக் காட்டி ஆட்சேபித்தார். நாங்கள் 600015-ஐக் காட்டிப் பதில் எழுதினோம். எழுபது நாளுக்குப் பிறகு முடிவு எங்கள் பக்கம் வந்தது.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1974-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு நாடுகள் சட்டம் செய்தன. அமெரிக்காவில், ஒப்பியபடி பொருள் வந்து சேராததையும் கணக்குப் பிழையாகக் கருதி அட்டைதாரர் ஆட்சேபிக்கலாம் என்றார்கள். இங்கிலாந்தில், குறிப்பிட்ட விலை வரம்புக்கு உட்பட்ட பொருளுக்குக் கடன் அட்டை தந்த வங்கியும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பாகும் என்றார்கள். அப்படி வங்கியையும் பொறுப்பாளியாக்கும் சட்டப்பிரிவு நம் நாட்டில் இல்லை. நமக்குக் கிடைப்பது வலையமைப்பு நிறுவனங்களின் விதியும், ரிசர்வ் வங்கியின் ஆணைகளும், நுகர்வோர் சட்டமும். என் கருத்தில் இது ஒரு குறையே. சட்டம் தரும் உரிமைக்கும் நிறுவனம் தரும் வசதிக்கும் வேறுபாடு உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 நவம்பர் 12 முதல் இதற்கு நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த ஏற்பாடு வந்தது.

கடையே மறைந்து போனாலும் வங்கி வழி மறைவதில்லை. 2020 ஜூன் 29-ஆம் நாள் நம் அரசு 59 அயல்நாட்டுச் செயலிகளைத் தடை செய்தபோது, ஷீஇன், கிளப் ஃபேக்டரி என்னும் கடைகளும் அதில் அடங்கின. அதே ஆண்டு நவம்பர் 24-இல் தடைபெற்ற 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸ் ஒன்று. கடையின் வாயிலே கைப்பேசியிலிருந்து அகன்றுவிட்ட அந்நாளில், பொருளை எதிர்பார்த்திருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? அட்டை வழியே செலுத்தியவருக்கு வங்கி என்ற கதவு உள்ளூரிலேயே இருந்தது. முன்பின் அறியாத கணக்குக்கு நேரே பணம் அனுப்பியவருக்கும், கிரிப்டோ நாணயமாகக் கொடுத்தவருக்கும் அப்படிப்பட்ட கதவு இல்லை. கடைக்காரர் அட்டையை மறுத்து இவற்றையே வற்புறுத்துவாரானால் அதன் காரணத்தை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பணம் திரும்பி வரும் நேரத்தில் வேறொரு கூட்டம் குறுக்கே வருவதுண்டு. ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்றும், ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் இருக்கிறது, தீர்வை கட்டுங்கள்’ என்றும் தொலைபேசியில் பேசுவார்கள். ரகசிய எண்ணைக் கேட்பார்கள். அவர்களிடம் பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

அட்டையின் வழி அடைபட்டுப் போனாலும் சட்டத்தின் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் வெளிவந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் நிலைபெறாமல் இருந்தும் இந்திய மக்களுக்கு முறையாகப் பொருள் விற்கும் அயல்நாட்டு நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகின்றன. குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நிறுவனம் அமர்த்த வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் இதற்காக அயல்நாட்டு நீதிமன்றத்தின் படி ஏறவேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பைப் பெறுவது ஒன்று, நிறைவேற்றுவது மற்றொன்று. இந்தியாவில் அலுவலகமோ கணக்கோ உள்ள பெரிய நிறுவனத்தின்மேல் ஆணை பலிக்கும். எங்கோ ஒரு தனி அறையிலிருந்து கடை நடத்துபவரைப் பிடிப்பது அரிது. அத்தகையோரைப் பற்றி நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்து 2001 ஏப்ரலில் தொடங்கிய ஈகன்ஸ்யூமர் என்னும் தளத்தில் முறையிட்டு வைக்கலாம். அது பணத்தை வாங்கித் தராது. அந்தந்த நாட்டு அதிகாரிகள் கண்ணில் அந்தப் பெயர் படும், அவ்வளவே.

எங்கள் கணக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். சென்றது 5,342 ரூபாய். வந்தது 5,106 ரூபாய். குறைந்த 236 ரூபாய் எங்கே போயிற்று என்று அந்தப் பெண் வரிவரியாகப் பிரித்து எழுதினாள். அயல்நாட்டு நாணயத்தை மாற்றுவதற்கு வங்கி எடுத்துக் கொண்ட கட்டணம் 180 ரூபாய். அதன்மேல் வரி 32 ரூபாய். பணம் சென்ற நாளுக்கும் வந்த நாளுக்கும் இடையே டாலர் மதிப்பில் ஏற்பட்ட வேறுபாடு 24 ரூபாய். கட்டணத்தையும் வரியையும் திருப்பித் தருமாறு வங்கிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அதற்கு அவர்கள் பதில் எழுத வேண்டிய 30 நாள் இன்னும் முடியவில்லை.